கேஸ் மானிட்டர்: இயக்குவதும் கேலிபரேட் செய்வதும் – குமரி மாவட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் நிற்கும் விசைப்படகின் மீன் அறை. குலசேகரம் பக்கத்து ரப்பர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி. வீட்டுப் பின்புறத்துச் செப்டிக் டேங்க். கோடையில் தூர்வாரும் கிணறு. கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்டு வருஷக்கணக்காகக் கிடக்கும் குழி. இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏதாவது அழுகும் இடத்திலும் காற்று ஓடாத இடத்திலும், உள்ளே இருக்கும் காற்று ஆளைக் கொல்லும் நிலைக்குப் போகலாம். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன கேஸ் மானிட்டர் இப்போது நம் பக்கத்து ஒப்பந்ததாரர்கள் பலரிடம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வாயு காட்டிச் சோதிக்காத கருவிகளை நிறையப் பார்க்கிறேன். ஆன் செய்கிறார்கள், திரையில் 20.9, 0, 0, 0 என்று வருகிறது, "சரியா இருக்கு அண்ணே, எறங்கட்டா?" என்று கேட்கிறார்கள். சென்சார் செத்துப்போயிருந்தாலும் 0 தான் வரும். கடல் காற்றின் உப்பு படிந்து வடிகட்டி அடைத்திருந்தாலும் 0 தான் வரும். நல்ல காற்றில் வரும் 0-வும் கெட்டுப்போன கருவியின் 0-வும் பார்வைக்கு ஒன்றே. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே வழி, தெரிந்த அளவு வாயுவைக் கருவிக்குக் காட்டி அது அலறுகிறதா என்று பார்ப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே எழுதப்பட்டது.

நான்கு எண்கள்

பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது நான்கு வாயு மாடல்: ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு.

ஆக்சிஜன் சுத்தமான காற்றில் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலும் 23.5-க்கு மேலே போனாலும் அலாரம் அடிக்கும்படி பொதுவாக வைத்திருப்பார்கள். அதிகமானால் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. வெல்டிங் ஆக்சிஜன் குழாய் கசிந்த இடத்தில் துணியும் எண்ணெயும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் மேல் எல்லை.

எரியும் வாயுவை 'எல்இஎல்' (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) சதவீதத்தில் காட்டும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் யாரும் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது. காற்றில் மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். அந்த 5 சதவீதத்தைக் கருவி 100 என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே திரையில் 10 என்றால் காற்றில் அரை சதவீதம் மீத்தேன். முதல் அலாரம் 10-லும் இரண்டாவது 20-லும் இருப்பது வழக்கம். ஐரோப்பியத் தரத்தில் அமைக்கப்பட்ட சில கருவிகள் 4.4 சதவீதத்தை 100 ஆக எடுக்கும். கேலிபரேஷன் (கருவி காட்டும் எண்ணைத் திருத்தும் வேலை) பகுதியில் இந்த வித்தியாசம் திரும்ப வரும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்-ல் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முதல் அலாரம், 15-ல் இரண்டாவது. அழுகிய முட்டை வாடை என்று எல்லோருக்கும் தெரியும். 1 பிபிஎம்-க்குக் கீழேயே மூக்குக்கு எட்டிவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும். "வாடை போயிற்று, காற்று தெளிந்துவிட்டது" என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். 700 பிபிஎம்-க்கு மேல் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். இது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. முதல் அலாரம் பெரும்பாலும் 35 பிபிஎம்; இரண்டாவது பல மாடல்களில் 200. கிணற்றுக்குள் பெட்ரோல் மோட்டாரையோ டீசல் மோட்டாரையோ இறக்கித் தண்ணீர் வற்றடிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே ஆளைக் கொல்வது இதுதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையிலும் இதுவே.

இந்த இரண்டு விஷ வாயுக்களுக்கும் 15 நிமிடச் சராசரி, 8 மணி நேரச் சராசரி என்று இன்னும் இரண்டு அலாரங்களைக் கருவி தானாகவே கணக்கிடும். உடனடி எண் குறைவாக இருக்கும்போதே அலாரம் அடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதையும் மதித்து வெளியே வர வேண்டும்.

கருவி பார்க்காதவை

நம் மாவட்டத்துக்கு இந்தப் பகுதி மிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது அமோனியா. துறைமுகத்து ஐஸ் பிளாண்டுகளில் குளிரூட்டுவதற்கும், ரப்பர் பால் கட்டியாகாமல் இருப்பதற்கும் அமோனியா பயன்படுகிறது. சாதாரண நான்கு வாயு மானிட்டருக்கு அமோனியா தெரியாது. அமோனியாவும் எரியும் வாயுதானே, எல்இஎல் சென்சார் காட்டாதா என்று கேட்கலாம். காற்றில் சுமார் 15 சதவீதம், அதாவது 1,50,000 பிபிஎம் சேர்ந்தால்தான் அமோனியா தீப்பிடிக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருப்பதோ 300 பிபிஎம். எல்இஎல் திரையில் 1 வருவதற்குள் ஆள் போய்விடுவார். ஐஸ் பிளாண்டில் வேலை என்றால் அமோனியா சென்சார் பொருத்திய கருவி தனியாக வேண்டும்.

இரண்டாவது கார்பன் டை ஆக்சைடு. பழைய கிணற்றின் அடியிலும், அழுகிய மீனும் இரத்தத் தண்ணீரும் தேங்கிய படகின் அடித்தட்டிலும் இது சேரும். 4 சதவீதம் சேர்ந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. வெளியிலிருந்து வந்து காற்றை இடம்பெயர்த்த 4 சதவீதம் என்றால், ஆக்சிஜன் 20.9-லிருந்து சுமார் 20.1-க்குத்தான் இறங்கும். 19.5-ல் வைத்த அலாரம் அடிக்காது. எனவே ஆக்சிஜன் எண்ணைப் பார்க்கும்போது அலாரம் எல்லையை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே 20.9 காட்டியது உள்ளே 20.4 காட்டினால், அந்த அரைப் புள்ளியின் இடத்தை வேறு எதுவோ பிடித்திருக்கிறது. ஆக்சிஜன் 0.1 குறைந்தால் காற்றில் ஏறக்குறைய 5,000 பிபிஎம் வேறொரு வாயு கலந்திருக்கலாம் என்று கணக்கு. அது என்ன வாயு என்று தெரியும்வரை இறங்கக் கூடாது.

கிணற்றில் எரியும் விளக்கையோ கற்பூரத்தையோ கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழைய முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சுடர் அணையும். அதற்கு முன்பே மனிதனுக்கு ஆபத்து தொடங்கிவிடும். கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் மனிதன் விழும் அளவில் சுடர் அசையாமல் எரியும். மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்குக் காரணமாகும். பெரியவர்கள் கையில் வேறொன்றும் இல்லாத காலத்தில் செய்தது. இன்றைக்கு அதை நம்பக் கூடாது.

முதல் படி: ஆன் செய்வதற்கு முன்

கருவியைக் கையில் எடுத்து முகத்தைப் பாருங்கள். சென்சார் துளைகளின் மேலுள்ள வடிகட்டியில் வெள்ளையாக உப்போ, மீன் செதிலோ, ரப்பர் பாலோ ஒட்டியிருக்கிறதா? தண்ணீர்ப் படலம் இருக்கிறதா? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆண்டில் பாதி நாள் ஈரம்தான். வடிகட்டியின் மேல் ஒரு துளி நின்றால் போதும், வாயு உள்ளே போகாது. மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, அதன்பிறகே அடுத்த வேலை. ஊதிச் சுத்தம் செய்ய வேண்டாம். எச்சில் ஈரம் போய் ஒட்டும்.

கேலிபரேஷன் மூடி (சோதனை வாயுவைச் செலுத்துவதற்காக மாட்டும் மூடி) கருவியின் மேலேயே மாட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய நாள் சோதித்தவர் கழற்ற மறந்த மூடியோடு உள்ளே இறங்கினால், சென்சாருக்கு வெளிக் காற்று சரியாகப் போய்ச் சேராது.

பேட்டரி குறைந்தது ஒரு முழு ஷிப்டுக்கு நிற்க வேண்டும். பாதியில் அணையும் கருவியோடு மீன் அறைக்குள் இருப்பது கருவியே இல்லாமல் இருப்பதைவிட மோசம். அது கூடவே இருக்கிறது என்ற தைரியத்தில் ஆள் உள்ளே நின்றுவிடுவார்.

இரண்டாம் படி: நல்ல காற்றில் ஆன் செய்து ஜீரோ வைப்பது

ஆன் செய்ததும் கருவி தன்னைத்தானே சோதிக்கும். ஒலி, விளக்கு, அதிர்வு மூன்றும் வருகிறதா என்று கவனியுங்கள். படகு என்ஜின் ஓடும்போது ஒலி காதில் விழாது, அதிர்வுதான் காப்பாற்றும். அலாரம் எல்லைகளையும் வரிசையாகக் காட்டும். யாராவது மாற்றி வைத்திருந்தால் இங்கேயே தெரியும்.

பிறகு ஜீரோ. இதை எங்கே செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கருவிக்கு "இதுதான் சுத்தமான காற்று" என்று சொல்லிக்கொடுக்கும் வேலை இது. ஓடும் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று ஜீரோ வைத்தால், அந்தப் புகையில் உள்ள 20 பிபிஎம் கார்பன் மோனாக்சைடையும் சுத்தக் காற்று என்று கருவி எடுத்துக்கொள்ளும். உள்ளே உண்மையில் 50 இருக்கும்போது 30 என்று காட்டும், அலாரம் அடிக்காது. ஜீரோ வைத்த பிறகு வேறிடத்துக்குப் போனதும் திரையில் கழித்தல் குறியோடு எண் வந்தால், ஜீரோ வைத்த இடம் கெட்டது என்று அர்த்தம். திரும்ப வைக்க வேண்டும்.

ஏசி அறையில் ஜீரோ வைப்பதும் நம் ஊரில் தப்பு. காற்றில் நீராவி கூடக் கூட அதே அளவுக்கு ஆக்சிஜனின் பங்கு குறையும். 24 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள ஏசி அறையில் உண்மையான ஆக்சிஜன் சுமார் 20.6, 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்கரையில் சுமார் 20.2. ஏசி அறையில் 20.9 என்று ஜீரோ வைத்த கருவி துறைமுகத்தில் வெளியே நிற்கும்போதே 20.5 காட்டும். அரைப் புள்ளி இறக்கத்தையே எச்சரிக்கையாக எடுக்க வேண்டும் என்று மேலே சொன்னோம். அந்த எச்சரிக்கை இப்படி வீணாகிவிடும். வேலை நடக்கும் இடத்துக்குப் போய், திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று, கருவி அந்த வெப்பத்துக்குப் பழகியபின் ஜீரோ வையுங்கள்.

மூன்றாம் படி: பம்ப் டெஸ்ட் (bump test)

தெரிந்த அளவு வாயுவைச் சில விநாடிகள் காட்டி, எல்லா அலாரமும் அடிக்கிறதா என்று பார்ப்பதுதான் பம்ப் டெஸ்ட். ஒவ்வொரு நாளும் முதல் இறக்கத்துக்கு முன் இதைச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உப்புக் காற்று வாரம் பார்த்து வருவதில்லை.

தேவையானவை மூன்று: கலவை வாயுச் சிலிண்டர், ரெகுலேட்டர், கருவிக்கேற்ற கேலிபரேஷன் மூடியும் குழாயும். சிலிண்டரின் லேபிளைப் படியுங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு கலவை: மீத்தேன் 2.5 சதவீதம், ஆக்சிஜன் 18 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், ஹைட்ரஜன் சல்ஃபைடு 25 பிபிஎம், மீதி நைட்ரஜன். இன்னொன்று: மீத்தேன் 1.45, ஆக்சிஜன் 15, கார்பன் மோனாக்சைடு 60, ஹைட்ரஜன் சல்ஃபைடு 20. காலாவதித் தேதியையும் பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டருக்குள்ளேயே மெல்ல மெல்லக் குறையும். காலாவதியான சிலிண்டரில் 25 என்று எழுதியிருக்கும், உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கும்.

ரெகுலேட்டர் நிமிடத்துக்கு 0.5 லிட்டர் அல்லது 0.25 லிட்டர் விடும் வகை. எது என்பது கருவியின் மானுவலில் இருக்கும். 58 லிட்டர் சிலிண்டரில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் செலவானால் நூறு சோதனைக்கு மேல் வரும். ஒரு நாள் சோதனைக்கான வாயுச் செலவு மிகக் குறைவு. இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

செய்யும் முறை: காற்று சீறாத, ஆனால் மூடியிராத இடத்தில் நில்லுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்திலோ கடற்கரையிலோ திறந்த வெளியில் செய்தால் காற்று மூடிக்குள் புகுந்து வாயுவை நீர்க்கச் செய்யும், எண் குறைவாக வரும். ஒரு சுவரின் மறைவு போதும். மூடியைப் பொருத்துங்கள், ரெகுலேட்டரைத் திறங்கள். அரை நிமிடத்துக்குள் ஆக்சிஜன் இறங்க வேண்டும், மற்ற மூன்றும் ஏற வேண்டும், நான்குக்கும் அலாரம் வர வேண்டும். வெறும் அலாரத்தோடு விடாமல் எண்ணையும் லேபிளோடு ஒப்பிடுங்கள். 10 முதல் 20 சதவீதம் வரை வித்தியாசத்தைப் பொதுவாக ஏற்பார்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று மானுவல் சொல்லும். 25 பிபிஎம் காட்டிய இடத்தில் 14 வந்தால் அலாரம் அடித்திருக்கும், ஆனால் அந்தச் சென்சார் தேறவில்லை. முடிந்ததும் ரெகுலேட்டரை மூடி, மூடியைக் கழற்றி, எண்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை நில்லுங்கள்.

சிகரெட் லைட்டரைக் காட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். லைட்டர் வாயு எல்இஎல் சென்சாரை அளவுக்கு மீறி எரித்துக் கெடுக்கும், விஷ வாயுச் சென்சார்களைப் பற்றி எதுவும் சொல்லாது. வாயால் மூச்சு விட்டுப் பார்ப்பது ஆக்சிஜன் சென்சாரை மட்டும் அசைக்கும். இரண்டும் பம்ப் டெஸ்ட் ஆகாது.

நான்காம் படி: கேலிபரேஷன்

பம்ப் டெஸ்ட் கேள்வி மட்டும் கேட்கும். கேலிபரேஷன் கருவியின் பதிலைத் திருத்தும். பல தயாரிப்பாளர்கள் 180 நாளுக்கு ஒருமுறை என்று எல்லை வைக்கிறார்கள். கடலோரத்திலும் ரப்பர் ஆலையிலும் புழங்கும் கருவிக்கு மாதம் ஒருமுறை செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. அதற்கிடையிலும் பம்ப் டெஸ்டில் தவறினாலோ, கருவி தளத்தில் விழுந்தாலோ, தண்ணீரில் முங்கினாலோ, எல்இஎல் அளவு மீறிப் போயிருந்தாலோ, சென்சார் மாற்றினாலோ உடனே செய்ய வேண்டும்.

தொடங்கும் முன், கருவிக்குள் பதிந்திருக்கும் ஸ்பேன் அளவுகளை (சிலிண்டர் வாயுவில் கருவி எதிர்பார்க்கும் அளவுகளை) திறந்து பார்த்து, சிலிண்டர் லேபிளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கடைக்காரர் வேறு கலவைச் சிலிண்டர் கொடுத்திருப்பார். கருவி பழைய அளவையே எதிர்பார்க்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 25 என்று பதிந்த கருவிக்கு 20 பிபிஎம் சிலிண்டரைக் காட்டினால், அந்த 20-ஐ 25 என்று கற்றுக்கொள்ளும். அது தேவைக்கு முன்பே கத்தும், பரவாயில்லை. ஆனால் 20 என்று பதிந்த கருவிக்கு 25 பிபிஎம் சிலிண்டரைக் காட்டினால், அதன்பின் உண்மையில் 12.5 இருக்கும்போது 10 என்றுதான் காட்டும். எல்இஎல்-லிலும் அப்படியே: 2.5 சதவீத மீத்தேன் என்பது 5 சதவீத அடிப்படையில் 50, 4.4 அடிப்படையில் 57. ஒரே சிலிண்டர், இரண்டு கருவிக்கு இரண்டு எண்.

செய்முறை மாடலுக்கு மாடல் மாறும். ஹனிவெல் பிடபிள்யூ மைக்ரோகிளிப் போன்ற ஒற்றைப் பொத்தான் கருவியில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதலில் அணைவதற்கான எண்ணிறக்கம் வரும். விடாமல் பிடித்திருந்தால் திரை ஒரு கணம் இருண்டு, கேலிபரேஷனுக்கான எண்ணிறக்கம் தொடங்கும். மற்றவற்றில் மெனுவுக்குள் போக வேண்டும், சிலவற்றில் கடவுச்சொல் கேட்கும். எதுவானாலும் வரிசை ஒன்றே: முதலில் ஜீரோ, பிறகு ஸ்பேன். ஜீரோ முடியும் முன் வாயுவைத் திறக்கவே கூடாது. கருவி வாயு கேட்கும்போது மட்டும் ரெகுலேட்டரைத் திறந்து, முடிந்தது என்று சொல்லும்வரை, இரண்டு மூன்று நிமிடமானாலும், சீராக ஓடவிடுங்கள். இடையில் குழாயை அசைத்தால் அந்தச் சென்சார் தோல்வி என்று வரும்.

சில மாடல்கள் கேலிபரேஷன் முடிவில் சென்சாரிடம் எவ்வளவு பலம் மிச்சம் என்பதையும் காட்டும். அந்த எண் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் புதிய சென்சாருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஒருமுறை தோற்றால் புதிய சிலிண்டரோடு மறுபடி ஒரு முயற்சி. அதிலும் தோற்றால் கருவியில் சிவப்பு நாடா கட்டி ஒதுக்குங்கள். "மற்ற மூன்றும் வேலை செய்கிறதே" என்று அதைக் கொடுத்து ஆளை இறக்கக் கூடாது.

எல்இஎல் சோதனைக்கு மீத்தேன் கலவையையே பயன்படுத்துங்கள். சிலிகான் போன்றவை சென்சாரைக் கெடுக்கும்போது அது முதலில் இழப்பது மீத்தேனை உணரும் திறனைத்தான். வேறு வாயு காட்டிச் சோதித்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும். செப்டிக் டேங்கில் இருப்பதோ மீத்தேன். மறுபக்கம், மீத்தேனுக்குக் கேலிபரேட் செய்த கருவி பெட்ரோல் ஆவிக்கு உண்மை அளவில் பாதி போலத்தான் காட்டும். பெட்ரோல் என்ஜின் வைத்த இடத்தில் 10 என்று வந்தால் அதை 20 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இறங்கும் முன் அளப்பது

செப்டிக் டேங்குக்கும் சாக்கடைக் குழிக்கும் இந்தக் கருவி அனுமதிச் சீட்டு அல்ல. 2013-ம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உறிஞ்சு லாரி போகும் இடத்தில் ஆள் இறங்கவே தேவையில்லை. இறங்கியே தீர வேண்டிய மீன் அறை, கிணறு, ஆலைத் தொட்டி போன்றவற்றுக்குத்தான் பின்வருவது.

இறங்கும் இடத்தின் மூடியை முழுதாகத் திறக்கும் முன் சின்ன இடைவெளி வழியாகக் கருவியின் குழாயை விட்டு அளந்து பாருங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். உறிஞ்சு மோட்டார் உள்ள கருவி என்றால், முதலில் குழாயின் நுனியை விரலால் அடையுங்கள். மோட்டார் திணறி அலாரம் தர வேண்டும். தராவிட்டால் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது, மேலே உள்ள நல்ல காற்றைத்தான் உறிஞ்சுகிறது.

மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும், கார்பன் மோனாக்சைடு எங்கும் பரவும். ஆகவே மேலிருந்து கீழ்வரை, சுமார் நாலு அடிக்கு ஒருமுறை நிறுத்தி அளக்க வேண்டும். காற்று குழாய் வழியே வர ஒரு மீட்டருக்கு 3 விநாடி ஆகும் என்று வையுங்கள்; அதன்மேல் சென்சார் முழு எண்ணுக்கு வர அரை நிமிடம் வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடம் நின்றால் சரியாக இருக்கும். நுனி தண்ணீரைத் தொடக் கூடாது. மோட்டார் இல்லாத கருவி என்றால் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே எடுத்ததும் பதிவாகியிருக்கும் உச்ச அளவையும் ஆக்சிஜனின் தாழ்ந்த அளவையும் பாருங்கள். திரையில் அப்போது தெரியும் எண் மேலே வந்தபின் மாறியிருக்கும்.

எண்களைப் படிக்கும் வரிசையில் ஆக்சிஜன்தான் முதல். சாதாரண எல்இஎல் சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் எல்இஎல் எண்ணுக்கு மதிப்பே இல்லை. தொட்டி நிறைய மீத்தேன் இருந்தும் திரை சின்ன எண்ணைக் காட்டலாம்.

இன்னொன்று: அசையாத சேற்றின் மேல் அளந்தது போதாது. மீன் அறையின் அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீரும் ரப்பர் கழிவுத் தொட்டியின் வண்டலும் கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். மேலிருந்தே நீண்ட கம்பால் கிளறிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். புளோயர் போட்டுக் காற்றடியுங்கள், நிறுத்தாமல் ஓடட்டும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அந்தப் புளோயரின் வாய்ப்பக்கம் இல்லாதபடி தள்ளி வையுங்கள்.

உள்ளே இருக்கும்போது

கருவி மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள், சட்டைக் காலரிலோ நெஞ்சிலோ இருக்க வேண்டும். இடுப்பில் வேண்டாம், பைக்குள் வேண்டாம், மழைக்கோட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அலாரம் அடித்தால் காரணம் தேடக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே வர வேண்டும். வந்தபின் யோசிக்கலாம்.

மேலே நிற்பவருக்கு ஒரே வேலை: உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பது, இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது. உள்ளே இருப்பவர் விழுந்தால் கயிற்றால் இழுக்க வேண்டும், 108-க்கும் 101-க்கும் அழைக்க வேண்டும். தம்பியோ அப்பாவோ ஆனாலும், மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கவே கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது. ஒரே படகில் அண்ணனும் தம்பியும் மச்சானும் வேலை செய்யும் நம் கடற்கரையில் இதை வேலைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லி, ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அந்த நேரத்தில் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

பராமரிப்பு

கருவியை ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள். படகு ஓட்டையை அடைக்கும் சிலிகான் பேஸ்ட், சிலிகான் ஸ்பிரே, தலைக்குப் போடும் சீரம், வண்டி பாலிஷ் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. எல்இஎல் சென்சாருக்கு இவை விஷம். சானிடைசர் தடவிய கையால் தொட்டால் கார்பன் மோனாக்சைடு எண் பொய்யாக ஏறும். கை காய்ந்தபின் எடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட வேண்டாம்.

ஆக்சிஜன் சென்சாரும் விஷ வாயுச் சென்சார்களும் பொதுவாக இரண்டு மூன்று வருஷம் உழைக்கும். புழங்காமல் அலமாரியில் வைத்தாலும் அவற்றின் வயது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் முன் சென்சார் தயாரித்த தேதியைக் கேளுங்கள், கண்ணெதிரே பம்ப் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். புதிய சென்சார் போட்டதும் மானுவல் சொல்லும் நேரம் ஓயவிட்டு, கேலிபரேட் செய்தபின்தான் வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கருவியின் வரிசை எண், சிலிண்டரின் லாட் எண், காலாவதி, காட்டிய அளவு, வந்த அளவு, செய்தவர் பெயர். ஹைட்ரஜன் சல்ஃபைடு 25, 24, 22, 21 என்று இறங்கி வருவதை அந்தப் பக்கத்தில்தான் பார்க்க முடியும். வெளியூர் லேப்பில் கேலிபரேட் செய்து சான்றிதழ் வாங்கினாலும் இந்த நோட்டை நிறுத்தக் கூடாது. சான்றிதழ் அந்த ஒரு நாளுக்கான சாட்சி. சர்வீசுக்குக் கருவியை அனுப்பும்போது சிலிண்டரை ரயிலில் கூடவே எடுத்துப் போகக் கூடாது, வாயுச் சிலிண்டருக்கு அங்கே தடை. கருவியை மட்டும் அனுப்பிவிட்டு, சிலிண்டரை நிழலான, காற்றோட்டமான அறையில் ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். மாட்டியே விட்டால் மெல்லக் கசிந்து, அடுத்த வாரம் சோதனைக்கு எடுக்கும்போது காலியாக இருக்கும்.